பாலத்தடியில் அறுபது கூடுகள்

ஆல்டர் வாய்க்கால் சாலை,
டன்மோர், மொன்டானா
ஆகஸ்ட் 29, 1988

மிஸ் ஹால்விக் அவர்களுக்கு,

உங்கள் அப்பா ஆர்விட்டின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்காது. அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

ஆர்விட்டிடம் என் பொருள் ஒன்று இருக்கிறது. சிவப்புக் காபி டப்பா ஒன்று. அதற்குள் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் அறுபது. ஏப்ரல் முதல் வாரம் அவரிடம் போனவை. அக்டோபர் 23 அன்று வேட்டைக் காலம் தொடங்குகிறது. கூடுகளை ஒன்றும் செய்யாமல் அப்படியே, நம் இரண்டு நிலத்துக்கும் நடுவே இருக்கும் வாய்க்கால் பாலத்தடியில், உத்தரத்தின் மேல் வைத்துவிட்டால் போதும். நாம் பேச வேண்டியதில்லை.

ஹோபர்ட் ஸ்டென்சல்

*

செப்டம்பர் 3, 1988

திரு. ஸ்டென்சல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சொன்னால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். "அந்தாளப் பத்திப் பேசணும்னா வெளியில போய்ப் பேசு" என்பார். அவரிடம் உங்கள் பொருள் எப்படி வந்தது? அவர் திருடினார் என்கிறீர்களா? இல்லை, வாய்க்கால் வழக்கை மறுபடி கிளப்ப ஏதாவது வழி தேடுகிறீர்களா?

ஆனால் டப்பா இருக்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜூலையில் கொட்டகையை ஒழித்தபோது, பழைய ரேடியோவுக்குப் பின்னால் கிடைத்தது. வழக்கு வந்த வருஷத்திலிருந்து அப்பாவோடு நானும் சுட்ட கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பித் தோட்டா செய்கிறேன். கூட்டுக்கு மசகு தடவி அச்சில் அழுத்துவது என் வேலை, மருந்து அளந்து போடுவது அவர் வேலை. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கூடும் என் கைக்குத் தெரியும். இவை தெரியவில்லை. எங்களிடம் இருப்பது இரண்டு ரைஃபிள். இரண்டிலும் போட்டுப் பார்த்தேன், பின்னால் தள்ளி மூடும் போல்ட் பாதியிலேயே நின்றுவிட்டது. வெடிக்கும்போது பித்தளை விரிந்து, அது உட்கார்ந்திருக்கும் அறையின் அளவுக்கே ஆகிவிடும். அப்படியானால் இவை வேறொரு ரைஃபிளில் சுட்டவை. எங்களுக்கு மூன்றாவது ரைஃபிள் கிடையாது.

சரி, பித்தளைதானே, எங்கள் அளவுக்கு அழுத்திக்கொள்ளலாம் என்று பிரஸ்ஸில் ஏற்றினேன். பதினெட்டு முரண்டு பிடித்துக்கொண்டே போயின. பத்தொன்பதாவது அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. லீவரை இழுத்ததும் விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. டன்மோர் இரும்புக் கடையில் கஸ்ஸிடம் கொண்டுபோனேன்.

"என்ன வெர்னா, இத்தன வருஷம் கழிச்சு மசகு தடவ மறந்துட்டியா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"மறக்கல கஸ். இது என் பேச்சக் கேக்கல."

"உன் பேச்சக் கேக்கலன்னா அது உன் துப்பாக்கியோடது இல்லம்மா. யாரோடது?"

அச்சை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

வெர்னா ஹால்விக்

*

செப்டம்பர் 8, 1988

மிஸ் ஹால்விக்,

முதலில் ஒன்று. அந்தப் பதினெட்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். என்னுடையது 1917ஆம் வருஷத்து ராணுவ ரைஃபிள். அதன் அறை மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். உங்கள் அளவுக்கு அழுத்திய கூட்டை அதில் போட்டுச் சுட்டால், முன்னால் இடம் இருப்பதால் பித்தளை நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து கிழியும். நெருப்பு முகத்துக்கு வரும். ஆர்விட் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

திருட்டு இல்லை. வழக்கும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

1970 கோடையில், நம் இரண்டு நிலத்துக்கும் வாய்க்கால் தண்ணீர் விடும் மதகின் பூட்டை யாரோ உடைத்தார்கள். நான் உடைத்தேன் என்று உங்கள் அப்பா கோர்ட்டில் சொன்னார். அவரே உடைத்துவிட்டு என் மேல் போடுகிறார் என்று நான் சொன்னேன். யார் உடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் வரை நாங்கள் இரண்டு பேரும் உங்கள் கொட்டகையில்தான் தோட்டா செய்வோம். வழக்கு வந்தபோது என் கூடுகள் அங்கேயே தங்கிவிட்டன. கேட்க எனக்கு மனசில்லை.

அடுத்த வருஷம் வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் என் இடது கையில் மூன்று விரல் போயிற்று. சொந்தமாகத் தோட்டா செய்வது அதோடு நின்றது. அந்த அக்டோபரில் பாலத்தடியில் கறுப்பாக ஏதோ தெரிகிறதே என்று குனிந்தேன். நீர்நாய் எச்சம். அதற்கு மேலே, உத்தரத்தில், சிவப்பு டப்பா. திறந்தால் என் கூடுகள். பதினைந்தில் மருந்தும் குண்டும் போட்டுத் தயாராக இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. ஏப்ரலில் காலிக் கூடுகளைத் திரும்ப வைத்தேன். அக்டோபரில் மறுபடி நிரம்பி வந்தது. போன வருஷம் வரை அப்படித்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. டன்மோரில் எதிரே வந்தால் அவர் அந்தப் பக்கம் போவார், நான் இந்தப் பக்கம்.

அதற்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள்.

ஹோ. ஸ்டென்சல்

*

செப்டம்பர் 13, 1988

திரு. ஸ்டென்சல்,

இன்று பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். உங்கள் கடிதம் மேலங்கிப் பையில் இருந்தது.

உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ, அப்போது எனக்கு இருபது வயது. உங்கள் அண்ணன் மகன் லாய்ட் உங்களிடம் வேலை செய்தான். கல்யாணம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கோர்ட் வந்தது. அப்பா கொட்டகை வாசலில் நின்று சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "ஸ்டென்சல் வீட்டு வாசல மிதிச்சேன்னா திரும்பி இங்க வராத." நான் மிதிக்கவில்லை. லாய்ட் ஒரு வருஷம் காத்திருந்தான். "உங்கப்பன் வாயால வான்னு ஒரு வார்த்தை வரட்டும், நா ஓடி வரேன். இல்லன்னா ஒரேகான் போறேன் வெர்னா, மரம் வெட்டப் போறேன்" என்றான். வார்த்தை வரவில்லை. அவன் போனான்.

நான் அப்பாவுக்காகச் சண்டையைச் சுமந்தேன். கடையில் உங்கள் வண்டி நின்றால் திரும்பிப் போய்விடுவேன். இதெல்லாம் விசுவாசம் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது, நான் வேலைக்குப் போன பகல்களில் அவர் உங்களுக்குத் தோட்டா செய்திருக்கிறார்! எனக்கு விதித்ததைத் தனக்கு விதிக்கவில்லை.

உயிரோடு இருந்தால் கேட்டிருப்பேன். நீங்கள்தான் இருக்கிறீர்கள், அதனால் உங்களைக் கேட்கிறேன். கடையில் தோட்டா கிடைக்காதா உங்களுக்கு? எதற்காக வருஷா வருஷம் டப்பாவை வைத்தீர்கள்?

வெர்னா

பின்குறிப்பு: தபால் அலுவலகத்தில் எட்னா, "ரெண்டு மைல் தள்ளி இருக்கறவருக்கு எதுக்கு ஸ்டாம்பு ஒட்டற? போற வழியில குடுத்துட்டுப் போயேன்" என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

*

செப்டம்பர் 17, 1988

வெர்னா,

கிடைக்கும். கஸ் கடையில் எப்போதும் கிடைத்தது. ஆர்விட்டுக்கும் அது தெரியும்.

நீ கேட்டதற்கு இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

லாய்ட் நன்றாக இருக்கிறான். மூன்று பிள்ளைகள். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மிச்சம் நாற்பத்தொரு கூடுகளையும் உன் அச்சில் ஏற்றாதே. பாலத்தடியில் வைத்துவிடு. இந்த வருஷம் தோட்டா வேண்டாம், கூடு மட்டும் போதும்.

ஹோபர்ட்

*

செப்டம்பர் 22, 1988

திரு. ஸ்டென்சல்,

வைக்கமாட்டேன். இப்போதைக்கு இல்லை.

நேற்றுக் கொட்டகையில் மறுபடி தேடினேன். ஒரு புகையிலை டப்பாவில் இன்னொரு அச்சு கிடைத்தது. எங்களுடையதைப் போலவே இருக்கிறது, ஆனால் அதன் பூட்டு வளையம் ஒரு காசுக் கனம் தள்ளி இறுக்கப்பட்டிருந்தது. அதாவது அச்சு முழுக்கக் கீழே இறங்காது, கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளை அதிகம் அழுத்தாது. உங்கள் ரைஃபிளுக்கென்று தனியாக வைத்திருக்கிறார். சுற்றியிருந்த தாளில் ஒரே வார்த்தை: பாலம். பென்சிலில், அவர் கையெழுத்து.

மசகில்கூட வித்தியாசம். எனக்குக் கடையில் வாங்கியது. அந்தப் புகையிலை டப்பாவிலேயே ஒரு சின்னப் புட்டியில் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பை விளக்கெண்ணெயில் காய்ச்சி வைத்திருந்தார். விரலில் தொட்டுப் பார்த்தேன், கடையில் வாங்கியதைவிட நல்லது. எனக்கு ஏன் தரவில்லை என்று ஒரு கணம் அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரி மசகுக்கு அழுகிறாள்.

உங்கள் போன கடிதத்தில் லாய்ட் பெயர் வந்த இடத்தில் பேனா அழுத்திப் பதிந்திருக்கிறது. பின்பக்கம்வரை தெரிகிறது. நேராகக் கேட்கிறேன். பதினேழு வருஷத்தில் ஒரு எழுத்துகூட இல்லை என்றீர்கள். நிஜமாகவே இல்லையா? அப்பா என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா?

வெர்னா

*

அக்டோபர் 1, 1988

வெர்னா,

ஒரு தடவை எழுதினார்.

1972 அக்டோபர். தோட்டாக்களுக்கு மேலே மடித்த சீட்டு. வெர்னாவை லாய்ட் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் வரட்டும், நான் தடுக்க மாட்டேன், நீ அவனிடம் சொல்லிவிடு என்று இருந்தது.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். ஒன்பது நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். லாய்ட் அந்த மாதம்தான் ஒரேகானிலிருந்து எழுதியிருந்தான். "சித்தப்பா, வெர்னாவ எங்கயாச்சும் பாத்தீங்களா, எப்படி இருக்கா?" என்று கேட்டிருந்தான். சீட்டு என் கையில் இருந்தது. கோர்ட்டில் நூறு பேர் முன்னால் என்னைப் பொய்யன் என்றவன், இன்று எனக்கு வேலை ஏவுகிறானே என்று வந்தது. ஒரு வாரம் ஆர்விட்டும் தவிக்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்தேன். ஒரு வாரம் இரண்டாயிற்று. பனி விழுந்தது. கன்று ஈனும் காலம் வந்தது. ஏப்ரலில் லாய்ட் அங்கே ஒரு பெண்ணை நிச்சயம் செய்துகொண்டதாக எழுதினான். அதற்குப் பிறகு சொல்லி என்ன?

ஆர்விட் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பையன் உன்னை வேண்டாம் என்றுவிட்டான் என்று நினைத்திருப்பார். அதனால்தான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைக் கேட்டுத் தாங்கவேண்டாம் என்று.

அடுத்த அக்டோபரிலும் டப்பா நிரம்பி வந்தது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. தன் மகளை வேண்டாம் என்றவனின் வீட்டுக்கு ஒருவர் எதற்காகத் தோட்டா செய்து வைக்கவேண்டும்? நான் வருஷா வருஷம் கூடுகளைத் திரும்ப வைத்தது தோட்டாவுக்காக இல்லை. என்றைக்காவது வாய் திறந்து சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவரும் போய்விட்டார்.

சீட்டு தொலைந்துவிட்டது.

ஹோபர்ட்

*

அக்டோபர் 8, 1988

ஹோபர்ட் மாமா,

சின்ன வயதில் இப்படித்தான் கூப்பிடுவேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் எழுதுகிறேன். அன்பு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட எடுத்துப்போனேன். போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து கத்துவதற்காகக் கிளம்பினேன். பாலத்திலேயே நிறுத்திவிட்டேன். உங்கள் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அப்பாவின் சமாதிக்குப் போனேன். கல்லின் மேல் விழுந்திருந்த இலைகளைத் தள்ளினேன். பதினாறு வருஷம் தப்பான ஆள் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். அவருக்கு வேகவைத்த உருளைக்கிழங்கைத் தட்டில் வைக்கும்போதுகூட அந்தக் கோபத்தோடுதான் வைத்தேன். அவருக்கு அது தெரிந்திருக்கும். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை, ஏனென்றால் காரணம் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார்.

லாய்ட் வேண்டும் என்று இப்போது இல்லை. அவன் முகம்கூடச் சரியாக நினைவுக்கு வரவில்லை. கெட்ட வாழ்க்கையும் வாழ்ந்துவிடவில்லை நான். ஆனால் அந்தக் கோபத்தைத் தூக்கி எங்கே வைப்பது? உங்கள் மேல் வைக்கலாம். வைத்துப் பார்த்தேன். பாதிதான் நிற்கிறது. மீதி அப்பா மேலேயே திரும்பிப் போகிறது. ஒரு சீட்டைப் பாலத்தடியில் வைத்தவர், அதையே என் மேஜையில் வைத்திருக்கக்கூடாதா? நானாவது ஒரேகானுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கக்கூடாதா? யாரும் தடுக்கவில்லையே என் பேனாவை.

நாற்பத்தொரு கூடுகள் மேஜையில் இருக்கின்றன. அந்த இரண்டாவது அச்சைச் சுத்தம் செய்தபோது வளையம் நகர்ந்துவிட்டது. உங்கள் ரைஃபிள் கையில் இல்லாமல் அதை மறுபடி சரியாக வைக்க முடியாது. கூட்டை அழுத்தி, உங்கள் அறையில் போட்டுப் பார்த்து, போல்ட் லேசாக உரசி மூடும் இடத்தில் நிறுத்தவேண்டும். அதனால் பாலத்தடியில் எதுவும் வைக்கமாட்டேன். வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவேன். ரைஃபிளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மன்னிப்பதற்காகக் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

வெர்னா

*

அக்டோபர் 15, 1988

வெர்னா,

வியாழக்கிழமை உன்னிடம் பேசியதைவிட இதில் அதிகம் எழுதிவிடுவேன் போலிருக்கிறது. நீ கத்தியதெல்லாம் சரி. இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். உன் நாய் நடுவில் குரைத்திருக்காவிட்டால் இன்னும் கத்தியிருப்பாய்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இடது கையில் இரண்டு விரல்தான் என்று தெரிந்தும் மசகுத் துணியை என் பக்கம் தள்ளினாய். "கூட்ட இதுல உருட்டுங்க. சும்மா ஒக்காந்து பாத்துட்டிருக்க வேணாம்" என்றாய். நான் உருட்டினேன். "அவ்ளோ பூசாதீங்க மாமா, தோள் குழி விழுந்துடும்" என்றாய். அடுத்ததில் குறைத்தேன். "இப்ப பத்தல. அச்சுல மாட்டிக்கும்." எனக்கு எந்த அளவு என்று கடைசிவரை பிடிபடவில்லை. நீ லீவரை இழுத்தாய், நான் துடைத்து வைத்தேன். வளைந்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு மெலிந்ததைத் தடவிப் பார்த்து மூன்றை ஒதுக்கினாய். ஆர்விட்டும் அப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு தடவுவார்.

கிளம்பும்போது வாசலில் கேட்டாய். "அந்தச் சீட்டு நெசமாவே தொலஞ்சுதா?" ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வண்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது.

தொலையவில்லை. பதினாறு வருஷமாக என் பைபிளுக்குள் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். நான் உனக்கு எழுதியது முழுசு இல்லை. கடைசி இரண்டு வரியைச் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகும் நான் லாய்டுக்கு எழுதவில்லை என்று நீ தெரிந்துகொள்வாயே என்ற பயம். தெரிந்துகொள். இது உன்னுடையது.

நீ இனி கடிதம் போடாவிட்டாலும் சரி. போட்டால் நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஹோபர்ட்

*

(உறைக்குள், நான்காக மடித்த கோடுபோட்ட தாள். பென்சில் எழுத்து.)

ஹோபர்ட்,

வெர்னாவ லாய்ட் இன்னும் நெனச்சிட்டிருந்தா வரட்டும். நான் தடுக்க மாட்டேன். நீ அவன்கிட்ட சொல்லு.

அவ சரியா சாப்பிடறதே இல்ல. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல ஹோபர்ட், உன்ன விட்டா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்.

ஆர்விட்